ஆப்ஜெக்டைத் தொடுவதற்கு முன்: மொரப்பூர்ப் பிள்ளைகளுக்கு

மொரப்பூர், கம்பைநல்லூர், அரூர் பக்கத்திலிருந்து படித்து முடித்துவிட்டு சென்னைக்கும் பெங்களூருக்கும் புரோகிராமிங் வேலைக்குப் போகிற பிள்ளைகள் இப்போது நிறைய. கல்லூரியில் ஜாவாவும் பைதானும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், எஸ்.க்யூ.எல். தனியாகச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து வேலை பார்க்கிற ஓ.ஆர்.எம். என்பதைப் பலரும் வேலையில் சேர்ந்த பிறகுதான் முதன்முதலாகப் பார்க்கிறீர்கள். டேபிளில் இருக்கும் ஒரு பதிவை ஆப்ஜெக்டாக்கி உங்கள் கையில் கொடுப்பது அதன் வேலை. அந்த ஆப்ஜெக்டை நீங்கள் மாற்றினால் டேபிளிலும் மாற்றிவிடும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அது எதை மாற்றம் என்று எடுத்துக்கொள்ளும், எப்போது எழுதும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாற்றினால் யாருடையது நிற்கும் என்று தெரியாமல் எழுதினால் கணக்கு கெட்டுப்போகும். எரர் எதுவும் வராது. மாதக் கடைசியில் பணம் இடிக்கும்போதுதான் தெரியும்.

பால் சொசைட்டிக் கணக்கை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். காலையும் மாலையும் பால் ஊற்றுவது, கொழுப்பும் மற்ற சத்தும் அளந்து விலை போடுவது, தீவன மூட்டைக்குப் பிடித்தம் போக மீதியைப் பட்டுவாடா செய்வது எல்லாம் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1. எது மாறினாலும் அதேதான், எது மாறினால் வேறு என்பதை முதலில் பிரியுங்கள்.

நம் ஊரில் 1960-ல் எழுதின கிரையப் பத்திரம் யார் வீட்டுப் பெட்டியிலாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். சேலம் மாவட்டம், அரூர் வட்டம் என்று இருக்கும். 1965 அக்டோபர் 2-ல்தான் தர்மபுரி தனி மாவட்டம் ஆனது. 2004 பிப்ரவரி 9-ல் கிருஷ்ணகிரி பிரிந்தபோது ஊத்தங்கரைப் பக்கத்துச் சொந்தங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தாராகிவிட்டார்கள். நாம் தர்மபுரியிலேயே இருந்தோம். இத்தனை நடந்தும் மொரப்பூர் அதே மொரப்பூர்தான். அதே சமயம், பழைய பத்திரத்தில் இருக்கிற ‘சேலம்’ என்பதை அடித்துவிட்டு யாரும் ‘தர்மபுரி’ என்று எழுதவில்லை. பத்திரத்தில் சர்வே எண்ணே தப்பாக விழுந்திருந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் மூலப் பத்திரத்தின் மேல் கை வைக்க மாட்டார்கள். பிழைத்திருத்தல் பத்திரம் என்று ஒன்றைப் புதிதாக எழுதிப் பதிவார்கள். வில்லங்கம் போட்டுப் பார்த்தால் இரண்டும் வரிசையாக வரும்.

ஊர் என்பது என்டிட்டி. அதற்கு ஒரு அடையாளம் உண்டு; மாவட்டம் மாறலாம், மக்கள்தொகை மாறலாம், ஊர் அதேதான். பத்திரத்தில் எழுதிய முகவரி வேல்யூ. எழுதிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டியது. எரிக் எவன்ஸ் 2003-ல் வெளியிட்ட ‘டொமைன் டிரிவன் டிசைன்’ நூலுக்குப் பிறகு இந்தப் பிரிவினை நம் தொழிலில் பொதுப் பேச்சாகிவிட்டது.

சொசைட்டியில் உறுப்பினர் என்டிட்டி. ஒரே பெயரில், ஒரே தெருவில் இரண்டு பேர் இருந்தாலும் இருவரும் இரு ஆள்தான். கொழுப்பு 4.2 என்பது வேல்யூ, இன்றைய 4.2-க்கும் நேற்றைய 4.2-க்கும் எந்த வித்தியாசமும் இல்லை. தொகை, தேதி, பில்லில் அச்சடித்த முகவரி எல்லாம் இந்தப் பக்கம். புதிய கிளாஸ் ஒன்றை எழுத உட்காரும்போது இந்தக் கேள்வியைக் கேட்டு முடிக்காமல் கீபோர்டைத் தொடாதீர்கள். கீழே சொல்லப்போகிற பாதிக்கு மேற்பட்ட சிக்கல்கள் இங்கேயே முளைக்கின்றன.

2. வேல்யூவைத் திருத்தாதீர்கள், புதிதாக ஒன்று செய்து பழையதன் இடத்தில் வையுங்கள்.

இதற்கு மொழியே துணை செய்கிறது. பைதான் 3.7-ல் (2018) வந்த டேட்டாகிளாஸை ‘ஃப்ரோசன்’ என்று அறிவித்தால் அதன் ஃபீல்டுகளுக்குப் பிறகு எதையும் அசைன் செய்ய முடியாது. சி ஷார்ப் 9-ல் (2020) ரெக்கார்ட் வந்தது. ஜாவா 16-ல் (2021) ரெக்கார்ட் நிலையான வசதியானது. ஜாவாவின் ஓ.ஆர்.எம். ஆன ஹைபர்நேட்டில் 6.2 முதல் அந்த ஜாவா ரெக்கார்டையே எம்பெடட் வேல்யூவாக, அதாவது தனி டேபிள் இல்லாமல் என்டிட்டியின் டேபிளிலேயே உட்காரும் வேல்யூவாக, வைக்கலாம். ஜாவாவின் பழைய ‘டேட்’ கிளாஸ் மாற்றக்கூடியதாக இருந்ததால் எத்தனையோ கணக்குகள் கெட்டன: ஒரு இடத்தில் தேதியை ஒரு நாள் தள்ளினால் அதே ஆப்ஜெக்டை வைத்திருந்த வேறு இடத்திலும் தள்ளிப்போகும். 2014-ல் ஜாவா 8-உடன் வந்த புதிய நேர நூலகத்தில் தேதி, நேர வகைகளை மாற்ற முடியாதவையாகவே கட்டினார்கள்.

ஒன்று கவனியுங்கள். ஃப்ரோசன் என்பது மேல்தோலுக்கு மட்டும். உள்ளே ஒரு லிஸ்ட் இருந்தால் அந்த லிஸ்டில் சேர்க்கலாம், நீக்கலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். உள்ளே டியூப்பிள் வையுங்கள்.

3. ஒரே வேல்யூ ஆப்ஜெக்டை இரண்டு பேருக்குப் பங்கு போடாதீர்கள்.

கணவனும் மனைவியும் தனித்தனியாக உறுப்பினர்கள். முகவரி ஒன்றுதானே என்று ஒரே முகவரி ஆப்ஜெக்டை இருவருக்கும் அசைன் செய்வார்கள். மனைவி பிறந்த ஊருக்குப் போய் அங்கிருந்து பால் ஊற்றத் தொடங்குகிறார். அவர் முகவரியில் ஊர்ப் பெயரை மாற்றுகிறீர்கள். கணவரின் பதிவும் சேர்ந்து மாறும். எம்பெடட் ஆப்ஜெக்டை இரு என்டிட்டிகளுக்கு நடுவே பகிர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று ஜாவா ஓ.ஆர்.எம்.களுக்கான ஜே.பி.ஏ. விதிமுறையே சொல்லிவிட்டது. முகவரியை மாற்ற முடியாததாகச் செய்திருந்தால் இந்தப் பிரச்சினையே எழாது. பகிர்ந்தாலும் பாதகமில்லை.

4. உங்கள் ஓ.ஆர்.எம். மாற்றத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதை மனப்பாடமாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

இதில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வழி. ஒன்றில் பழகிய கையோடு இன்னொன்றுக்குப் போகிறவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள்.

ஹைபர்நேட் படம் பிடித்து வைத்துக்கொள்ளும். டேபிளிலிருந்து ஏற்றும்போதே ஒவ்வொரு ஃபீல்டின் நகலையும் எடுத்து ஒரு பக்கம் வைக்கும். ஃப்ளஷ் நேரத்தில், அதாவது மாற்றங்களை டேபிளுக்கு அனுப்பும் நேரத்தில், இப்போதைய மதிப்பையும் அந்த நகலையும் ஒப்பிடும். வித்தியாசம் இருந்தால் அப்டேட் போகும். பழைய ‘டேட்’ போன்ற மாறக்கூடிய வகைகளுக்கு அது உண்மையான நகலே எடுக்கிறது. ஆனால் நீங்களே ஒரு யூசர் டைப் எழுதி, அதில் டீப்காப்பி என்ற மெதடில் வந்த ஆப்ஜெக்டையே திருப்பிக் கொடுத்தீர்கள் என்றால், நகலும் அசலும் ஒன்றாகிவிடும். ஒன்றை அதனோடேயே ஒப்பிட்டால் வித்தியாசம் எங்கிருந்து தெரியும்? மாற்றம் டேபிளுக்குப் போகாது. சி ஷார்ப் பக்கத்து என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோரிலும் கன்வெர்ட்டர் எழுதும்போது வேல்யூ கம்பேரர் கேட்பது இதற்காகத்தான்.

பைதானின் எஸ்.க்யூ.எல். ஆல்கெமி வாசலில் காவல் நிற்கும். ஃபீல்டுக்கு நீங்கள் அசைன் செய்யும் நொடியைக் குறித்துக்கொள்ளும். வீட்டுக்குள்ளே நடப்பதைப் பார்க்காது. உறுப்பினர் டேபிளில் ‘விவரம்’ என்று ஒரு ஜேசான் ஃபீல்டு, அதில் மாடுகளின் எண்ணிக்கை 2 என்று வைத்துக்கொள்வோம். பைதான் 3-ல் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால் இப்படி எழுதுகிறேன்:

உறுப்பினர்.விவரம்["மாடு"] = 3

உடனே அச்சிட்டுப் பாருங்கள், 3 என்று வரும். கமிட் செய்யுங்கள். மறுபடி அச்சிடுங்கள், 2 என்று வரும். எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை. டிக்‌ஷனரிக்குள்ளே மாற்றியதால் ‘விவரம்’ என்ற ஃபீல்டுக்கு அசைன்மென்ட் நடக்கவில்லை; ஆல்கெமிக்கு மாற்றமே தெரியவில்லை; அப்டேட் போகவில்லை. கமிட் ஆனதும் நினைவில் இருக்கும் மதிப்புகளை அது காலாவதியாக்கிவிடும். அடுத்த முறை தொட்டதும் டேபிளிலிருந்து பழைய 2-ஐ ஏற்றித் தருகிறது.

இதைப் பார்த்தவுடன் பலரும் செய்வது: டிக்‌ஷனரியை ஒரு வேரியபிளில் எடுத்து, அதை மாற்றி, திரும்ப அசைன் செய்வது. அதுவும் பலிக்காது. பழையதும் புதியதும் ஒரே ஆப்ஜெக்ட், சமமாகவே இருக்கும், மாற்றமில்லை என்று முடிவுகட்டிவிடும். புதிய டிக்‌ஷனரி செய்து அசைன் செய்ய வேண்டும். அதிலும் ஒரு குழி இருக்கிறது. மேலோட்டமான நகல் எடுத்துவிட்டு உள்ளடுக்கில் இருக்கும் லிஸ்டை மாற்றினால், அந்த லிஸ்ட் பழையதிலும் புதியதிலும் பொதுவாக இருப்பதால் இரண்டும் மறுபடி சமமாகிவிடும். டீப்காப்பி எடுத்து மாற்றுங்கள். அல்லது ‘மியூட்டபிள் டிக்ட்’ என்ற உறையைப் போடுங்கள். அது மேல் அடுக்கில் நடக்கும் மாற்றங்களைச் சொல்லிவிடும், உள்ளடுக்கைச் சொல்லாது. வேறு வழியே இல்லாதபோது ‘ஃபிளாக் மாடிஃபைட்’ என்று நீங்களே கையைத் தூக்கிச் சொல்லலாம்.

ஆல்கெமி ஒரு காலத்தில் இப்படி இல்லை. 2011-ல் வந்த 0.7 பதிப்புக்கு முன் பிக்கிள் போன்ற வகைகளில் இருப்பதையெல்லாம் ஒவ்வொரு ஃப்ளஷிலும் துருவி ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. ஏற்றிய ஆப்ஜெக்டுகளை ஓ.ஆர்.எம். கண்காணித்து வைத்திருக்கும் இடமான செஷனில் ஆயிரக்கணக்கான ஆப்ஜெக்டுகள் இருக்கும்போது அது தாங்க முடியாத மெதுவாகிப்போனது; அதனால் அந்த வழியை விட்டுவிட்டார்கள். ரூபியின் ரெயில்ஸ் எதிர்த்திசையில் போனது: 2014 டிசம்பரில் வந்த 4.2 முதல் உள்ளேயே நடக்கும் மாற்றத்தையும் அதன் ஓ.ஆர்.எம். ஆன ஆக்டிவ் ரெக்கார்ட் கண்டுகொள்கிறது. இரண்டும் யோசித்து எடுத்த முடிவுகள்தாம். வேகமா, கவனிப்பா என்பதில் எதற்கு எவ்வளவு கொடுப்பது என்பதுதான் வேறுபாடு.

பைதானின் ஜாங்கோ எதையும் கவனிப்பதில்லை. நீங்கள் சேவ் என்று சொன்னால் எல்லா ஃபீல்டையும் எழுதும். ஆகவே ஜேசானுக்குள் மாற்றினாலும் போய்ச் சேரும். ஆனால் நீங்கள் தொடாத ஃபீல்டையும் பழைய மதிப்போடு எழுதும். நீங்கள் மாட்டுக் கணக்கை மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் பக்கத்து மேசையில் ஒருவர் உறுப்பினரின் போன் நம்பரை மாற்றியிருந்தால், உங்கள் சேவ் அதைப் பழைய நம்பருக்குத் திருப்பிவிடும். மாற்றிய ஃபீல்டை மட்டும் ‘அப்டேட் ஃபீல்ட்ஸ்’ என்று பெயர் சொல்லி எழுதுங்கள். ஹைபர்நேட்டும் இயல்பாக எல்லா ஃபீல்டையும் சேர்த்தே அப்டேட் எழுதும் என்பதை இதோடு சேர்த்து ஞாபகம் வையுங்கள். மாறியதை மட்டும் எழுத ‘டைனமிக் அப்டேட்’ என்று குறிக்க வேண்டும்.

5. டீஃபால்ட் மதிப்பாக வெறும் டிக்‌ஷனரியையோ லிஸ்டையோ கொடுக்காதீர்கள்.

ஜாங்கோவின் ஜேசான் ஃபீல்டில் டீஃபால்டாகக் காலி டிக்‌ஷனரி ஆப்ஜெக்டையே கொடுத்தால், அந்த ஒரே ஆப்ஜெக்ட் புதிய உறுப்பினர்கள் எல்லாருக்கும் பொதுவாகிவிடும். ஒருவர் விவரம் இன்னொருவர் மேல் ஏறும். டிக்ட் என்ற பெயரை, அடைப்புக்குறி இல்லாமல், கொடுங்கள்; ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்துகொள்ளும். ஜாங்கோவின் செக் கட்டளை இதை எச்சரிக்கையாகக் காட்டும். மஞ்சள் எழுத்துதானே என்று தாண்டிப் போகாதீர்கள்.

6. பார்ப்பதற்காக எடுத்த ஆப்ஜெக்டைப் பார்ப்பதற்காகக்கூட மாற்றாதீர்கள்.

பட்டுவாடாப் பட்டியல் அச்சிட வேண்டும். தொகை 1,847.65 என்று இருக்கிறது. பட்டியலில் முழு ரூபாயாகத் தெரியட்டும் என்று ஆப்ஜெக்டிலேயே 1,848 என்று மாற்றிவிட்டு அச்சிடுகிறீர்கள். சேவ் என்று நீங்கள் எங்கும் சொல்லவில்லை. ஹைபர்நேட்டிலும் ஆல்கெமியிலும் சொல்லத் தேவையில்லை. செஷனுக்குள் இருக்கும் ஆப்ஜெக்டில் நடந்த மாற்றம் கமிட் ஆகும்போது தானாக டேபிளுக்குப் போய்விடும். கணக்கு மாறிவிட்டது என்று ஒருவர் வந்து நிற்கும்போது, ரிப்போர்ட்டை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். அதனால் இதைக் கண்டுபிடிக்க நாள் பிடிக்கும்.

கெட்டர் மெதடுக்குள் ட்ரிம் செய்வது, பெரிய எழுத்தாக்குவது போன்றவையும் இந்த வகைதான். ஹைபர்நேட் கெட்டர் வழியாக மதிப்பை எடுக்கும்படி அமைத்திருந்தால், ஏற்றிய நகலும் கெட்டர் தரும் மதிப்பும் வேறாகி, யாருமே மாற்றாத பதிவுக்கு அப்டேட் போய்க்கொண்டே இருக்கும். ரிப்போர்ட்டுக்குத் தேவையான ஃபீல்டுகளை மட்டும் தனி ரெக்கார்டில் எடுத்து, அதில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்.

7. ரேட்டை மாற்றாதீர்கள், புதிய ரேட் சேருங்கள்.

கொழுப்புக்கும் சத்துக்கும் ஏற்ப விலை சொல்லும் ரேட் சார்ட் ஒரு டேபிள். ஒவ்வொரு பால் பதிவும் அந்த ரேட்டைக் கை நீட்டிக் காட்டுகிறது. விலை உயர்ந்த அன்று ரேட் பதிவில் எண்ணை மாற்றினால், போன மாதப் பில்லை மறுபடி எடுக்கும்போது புதிய விலையில் கணக்கு வரும். கொடுத்த பணம் ஒன்று, காகிதம் காட்டுவது ஒன்று. தணிக்கையில் பதில் சொல்ல முடியாது. ரேட் பதிவுக்கு ‘எந்த நாள் முதல்’, ‘எந்த நாள் வரை’ என்று இரண்டு தேதி வையுங்கள். விலை மாறினால் பழையதை அந்த நாளோடு முடித்துப் புதியதைத் தொடங்குங்கள். அதோடு, பால் பதிவிலேயே அன்று போட்ட விலையையும் எழுதி வையுங்கள். டேட்டா இரண்டு இடத்தில் இருக்கிறதே, நார்மலைசேஷன் கெட்டுவிடாதா என்று கேட்பீர்கள். கெடாது. இன்றைய ரேட் என்பது ஒரு செய்தி, அன்று அந்த அம்மாவுக்கு என்ன விலை போட்டோம் என்பது வேறு செய்தி.

நம் ஸ்டேஷனையே பாருங்கள். மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-ல் குறுகிய ரயில் பாதை திறந்தார்கள். பிறகு ஓசூர் வரை நீண்ட அந்தப் பாதை 1941-ல் மூடப்பட்டது. ஸ்டேஷன் டேபிளில் ‘கிளைப் பாதை உண்டு’ என்று ஒரு ஃபீல்டு வைத்து, 1941-ல் ‘இல்லை’ என்று மாற்றியிருந்தால், 1930-ல் இங்கே இறங்கிச் சின்ன வண்டி மாறியவர்களின் பயணம் அந்த டேபிளின்படி நடந்திருக்கவே முடியாது. தேதி இல்லாத உண்மைகள் டேபிளில் மிகக் குறைவு. பெயர், ஊர், விலை, பதவி எதை வைத்தாலும் “இது என்றைக்கு உண்மை?” என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

8. இரண்டு கை ஒரே பதிவில் படும் என்று வைத்தே எழுதுங்கள்.

உறுப்பினரின் நிலுவை 3,000 ரூபாய். தீவன அறையில் இருப்பவர் ஒரு மூட்டைக்கு 1,200 பிடிக்கிறார். அதே நேரம் பால் மேசையில் இருப்பவர் 450 வரவு வைக்கிறார். இருவர் புரோகிராமும் 3,000 என்று வாசித்துவிட்டது. தீவனம் 1,800 என்று எழுதுகிறது. பால் மேசை, தான் வாசித்த 3,000-த்தோடு 450 கூட்டி 3,450 என்று எழுதுகிறது. இருக்க வேண்டியது 2,250. சொசைட்டிக்கு 1,200 போச்சு. வரிசை மாறி எழுதியிருந்தால் 1,800 நிற்கும். பால் ஊற்றிய அம்மாவுக்கு 450 போச்சு. அவர் வந்து கேட்டால் கம்ப்யூட்டர் சொல்வதுதான் சரி என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். எனக்குப் பொறுக்காதது அதுதான். அவரிடம் ஆதாரம் இருக்காது, நம்மிடம் தப்பான எண் இருக்கும்.

இதற்குப் பரிகாரம் பல. கூட்டல் கழித்தலை டேட்டாபேஸிடமே விட்டுவிடலாம்: நிலுவை என்பது இப்போதுள்ள நிலுவையும் 450-உம் என்று எழுதச் சொல்வது. ஜாங்கோவில் எஃப் எக்ஸ்பிரஷன் இதைத்தான் செய்கிறது. சேவ் ஆனதும் ஆப்ஜெக்டை டேபிளிலிருந்து புதுப்பித்துக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் ஜாங்கோவின் பழைய பதிப்புகளில் அடுத்த சேவில் மறுபடியும் 450 கூடிவிடும். இரண்டாவது, பூட்டுவது: ‘செலக்ட் ஃபார் அப்டேட்’ என்று வாசித்தால் உங்கள் டிரான்சாக்‌ஷன் முடியும்வரை அதே பதிவை மாற்ற வருகிறவர் காத்திருப்பார். மூன்றாவது, பதிப்பு எண். பதிவில் ஒரு எண் வைத்து ஒவ்வொரு அப்டேட்டிலும் ஒன்று கூட்டுவது. வாசித்தபோது இருந்த எண் எழுதும்போது இல்லையென்றால் எழுத மறுப்பது. ஹைபர்நேட், ஆல்கெமி, ரெயில்ஸ் மூன்றிலும் இது கூடவே இருக்கிறது. ஜாங்கோவில் நீங்கள்தான் செய்துகொள்ள வேண்டும். மார்ட்டின் ஃபவுலர் 2002-ல் எழுதிய தொகுப்பு நூலில் இதற்குத் தனிப் பெயரே கொடுத்து விளக்கியிருக்கிறார்.

பதிப்பு எண்ணில் ஒரு நுணுக்கம். வெப் படிவத்தில் ஒருவர் பத்து நிமிடம் உட்கார்ந்து திருத்துகிறார். அவர் சப்மிட் செய்தபோது நீங்கள் பதிவைப் புதிதாக வாசித்து, அதன் மேல் அவர் மதிப்புகளைப் போட்டு எழுதினால், பதிப்பு எண் எப்போதும் பொருந்தும். பாதுகாப்பு வெறும் பேச்சுக்குத்தான். படிவத்தோடு அந்த எண்ணும் போய்த் திரும்பி வர வேண்டும். வந்ததை இப்போதுள்ளதோடு ஒப்பிட வேண்டும்.

பணத்துக்கு நான் சொல்வது வேறு. நிலுவை என்று ஒரு ஃபீல்டே வைக்காதீர்கள். வரவு 450 ஒரு பதிவு, பிடித்தம் 1,200 ஒரு பதிவு. நிலுவை என்பது கூட்டினால் வருவது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் இரண்டு பதிவு சேர்த்தால் ஒன்றையொன்று அழிக்காது. தப்பாக எழுதிவிட்டால் எதிர்ப் பதிவு போடுங்கள். கூட்ட நேரமாகிறது என்றால் மாதக் கடைசி இருப்பை மட்டும் தனியாக எழுதி வைத்துக்கொள்ளலாம். நம் பெரியவர்கள் நோட்டில் கணக்கெழுதியதும் இப்படித்தான். இதை விட்டுவிட்டு ஒற்றை எண்ணை அழித்தழித்து எழுதும் டிசைனை யாராவது கொண்டுவந்தால், நீங்கள் வேலைக்குப் புதியவராக இருந்தாலும் எழுந்து கேளுங்கள்.

9. மாறக்கூடியதை வைத்து ஹேஷ் செய்யாதீர்கள்.

ஜாவாவில் ஐடியை வைத்து ஹேஷ்கோடு எழுதியிருப்பீர்கள். புதிய பால் பதிவை உறுப்பினரின் ஹேஷ்செட்டில் சேர்க்கும்போது ஐடி இன்னும் பிறக்கவில்லை. டேபிளில் எழுதியதும் ஐடி வருகிறது; ஹேஷ் மாறுகிறது; செட்டில் தேடினால் கிடைக்காது, உள்ளே இருந்தும் இல்லாதது போலாகிவிடும். ஜாங்கோ இதில் கண்டிப்பு: சேவ் ஆகாத ஆப்ஜெக்டை ஹேஷ் செய்யப் போனாலே எரர் கொடுத்துவிடும். உறுப்பினர் எண் போல மாறாத ஒன்று இருந்தால் அதை வையுங்கள். இல்லையென்றால் ஆப்ஜெக்ட் பிறக்கும்போதே புரோகிராமில் ஒரு யூ.யூ.ஐ.டி. கொடுத்துவிடுங்கள்.

10. டேபிள் திரும்பினாலும் ஆப்ஜெக்ட் திரும்பாது.

டிரான்சாக்‌ஷன் ரோல்பேக் ஆனால் டேட்டாபேஸ் பழைய நிலைக்குப் போய்விடும். கையில் இருக்கிற ஜாங்கோ ஆப்ஜெக்டில் நீங்கள் மாற்றிய மதிப்பு அப்படியே நிற்கும். அதை வைத்துக்கொண்டு அடுத்த வரியில் “பட்டுவாடா ஆகிவிட்டது” என்று எஸ்.எம்.எஸ். அனுப்பாதீர்கள். ஹைபர்நேட்டில் எக்ஸப்ஷன் வந்த செஷனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே முறை.

மொத்தமாக அப்டேட் செய்யும்போதும் இதே கதை. ஆயிரம் பதிவுக்கு ஒரே கட்டளையில் அப்டேட் போட்டால் வேகமாக முடியும். அது நேரே டேபிளில் நடக்கிறது. ஏற்கெனவே ஏற்றி வைத்திருக்கும் ஆப்ஜெக்டுகளில் பழைய மதிப்பு இருக்கலாம். மொத்த அப்டேட் செய்தபின் அவற்றைத் தொடாதீர்கள், மறுபடி ஏற்றுங்கள்.

11. ஆப்ஜெக்டைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றாதீர்கள்.

ஒரு செஷனில் ஒரு பதிவுக்கு ஒரே ஆப்ஜெக்ட்தான். நீங்கள் ஒரு ஃபங்ஷனுக்கு உறுப்பினரைக் கொடுத்தால், அது உள்ளே என்ன மாற்றினாலும் உங்கள் கையிலும் மாறும். செஷனுக்குள் இது வசதி. அதைத் தாண்டி, இன்னொரு த்ரெட்டுக்கோ, பின்னணி வேலைக்கோ, கேஷுக்கோ ஆப்ஜெக்டையே அனுப்புவது ஆபத்து. ஐடியை அனுப்புங்கள். வாங்குகிறவர் தன் செஷனில் ஏற்றிக்கொள்ளட்டும். கேஷில் வைத்தே ஆக வேண்டுமென்றால் மாற்ற முடியாத ரெக்கார்டாக்கி வையுங்கள்.

12. எழுதிய செஷனிலேயே வாசித்துச் சோதிக்காதீர்கள்.

மாற்றிவிட்டு அதே ஆப்ஜெக்டைப் பார்த்தால் மாறியதாகத்தான் தெரியும். அது உங்கள் நினைவகம் சொல்வது. டெஸ்டில் கமிட் செய்து, செஷனை மூடி, புதிய செஷன் திறந்து ஐடியால் ஏற்றிப் பார்த்தபிறகே சரி என்று சொல்லுங்கள். கற்றுக்கொள்ளும் காலத்தில் எஸ்.க்யூ.எல். லாகை எப்போதும் திறந்தே வையுங்கள்: ஆல்கெமியில் எக்கோ, ஹைபர்நேட்டிலும் ஜாங்கோவிலும் லாகிங் அமைப்பில் அதற்கான வழி இருக்கிறது. ஒரு மாற்றத்துக்கு ஒரு அப்டேட் வரி வர வேண்டும். வராவிட்டால் நாலாவதைத் திரும்பப் படியுங்கள். எதிர்பாராத அப்டேட் வந்தால் ஆறாவதை.

அடுத்த முறை லீவுக்கு ஊருக்கு வரும்போது லேப்டாப்பில் ஒரு சின்ன சொசைட்டி புரோகிராம் போடுங்கள். உறுப்பினர், பால் பதிவு, ரேட், பிடித்தம் என்று நாலு டேபிள் போதும். ஜேசானுக்குள் மாற்றி அது தொலைவதை உங்கள் கண்ணால் பாருங்கள். ஒரு முகவரியை இருவருக்குக் கொடுத்து இருவரும் மாறுவதைப் பாருங்கள். பிறகு போஸ்ட்கிரஸில் இரண்டு டெர்மினல் திறந்து, நான் சொன்ன 3,000 ரூபாய்க் கணக்கை இரு பக்கமும் வாசித்து இரு பக்கமும் எழுதுங்கள். இயல்பான ஐசொலேஷன் நிலையில், பால் மேசை கடைசியாக எழுதினால், 3,450 நிற்கும். அதன்பின் பதிப்பு எண் சேர்த்து, இரண்டாவது டெர்மினல் எழுத மறுக்கிற வரை விடாதீர்கள். அப்படி மறுத்தபின் பால் மேசையில் இருப்பவருக்குத் திரையில் என்ன காட்டுவது, அவர் மறுபடி என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இந்தக் கடைசிப் பகுதியைப் பெரும்பாலானோர் எழுதுவதே இல்லை.